இரண்டு மிஸ்டு கால் என்றால் ஒருத்தி வருகிறாள்

வண்டி ஓட்டும்போது போன் பேசக்கூடாது என்று உங்களுக்கு நான் வந்து சொல்ல வேண்டியதில்லை. கம்பெனி வண்டிக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். லைசென்ஸ் எடுக்கப் போன அன்றைக்கே யாராவது சொல்லியிருப்பார்கள், நீங்களும் தலையை ஆட்டியிருப்பீர்கள். நானும் ஆட்டியவன்தான். இருபத்தாறு வருடம் கோவில்பட்டியில் தீப்பெட்டிக் கம்பெனி வண்டி ஓட்டினேன். ஓடுகிற வண்டியில் ஒருநாள்கூடப் போனைக் காதில் வைத்ததில்லை. எந்தப் பள்ளிவாசலில் வேண்டுமானாலும் நின்று இதைச் சத்தியம் செய்வேன். அப்படி இருந்தும் என் வண்டியால் ஒரு பெண்ணுக்குக் கால் போனது, அதுவும் போனால்தான் போனது. நம் கம்பெனியிலேயே பாதிப் பேருக்கு அது வேறு மாதிரி நடந்ததாகத்தான் தெரியும். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் லைன் பசுவந்தனை ரோடு. காலையில் ஊர் ஊராகப் போய் முப்பத்தெட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு, எட்டு மணிக்குள் கம்பெனிக்குள் கொண்டுவந்து விட வேண்டும். எட்டுக்குக் கேட்டை மூடினால் மூடினதுதான். வெளியே நின்றவர்கள் அப்படியே வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அதனால் ஏதாவது ஒரு ஸ்டாப்பில் வண்டி கொஞ்சம் கூடுதலாக நின்றாலும், ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருப்பவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். “பாய், கேட்ட மூடிருவான் பாய், வண்டிய எடுங்க!” என்று பின்னால் இருந்து ஒரே சத்தம். வண்டியில் எல்லாருக்கும் நான் பாய்தான். என் பேர் என்ன என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

எடுத்துவிடலாம்தான். ஆனால் வரப்பு மேல் ஒருத்தி கையை ஆட்டிக்கொண்டே ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு எப்படி எடுப்பது? அவளுக்கும் அது ஒரு நாள் வேலை.

அப்போது பட்டன் போன் காலம். ஆளுக்கொரு போன் கிடையாது, ஸ்டாப்புக்கு ஒருத்தியிடம் இருந்தால் அதிகம். அதில் பேசுவதற்குக் காசும் இருக்காது. அங்கேதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. என் யோசனைதான், பழியைப் பங்கு போட ஆள் கிடையாது. ஸ்டாப்பில் எல்லாரும் வந்து நின்றுவிட்டால் ஒரு மிஸ்டு கால். ஒருத்தி இன்னும் வந்துகொண்டிருக்கிறாள், கொஞ்சம் பொறுங்கள் என்றால் இரண்டு மிஸ்டு கால். இன்றைக்கு யாரும் வரவில்லை, ஊருக்குள் திரும்பாமல் நேரே போங்கள் என்றால் மூன்று. ஒவ்வொரு நம்பரையும் ஸ்டாப் பேரிலேயே பதிந்து வைத்தேன். ‘பாலம்’, ‘தொட்டி’, ‘கோயில்’. போனை எடுக்கவே வேண்டாம். குனிந்து ஒரு பார்வை பார்த்தால் போதும், எந்த ஸ்டாப், எத்தனை கால் என்று தெரிந்துவிடும்.

என்னவோ பெரிய விஞ்ஞானி மாதிரி எனக்கு ஒரு நினைப்பு! என் வண்டி தினமும் எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே கேட்டுக்குள் நுழையும். மேனேஜர் மற்ற டிரைவர்களைக் கூப்பிட்டு, “பாய் எப்படிச் செய்யுதாருன்னு பாருங்கய்யா, அப்படிச் செய்யுங்க” என்றார். ஐந்து வண்டிகளும் என் வழிக்கு வந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு எச்சரிக்கை வராமல் இல்லை. தை மாதம் உங்களுக்கே தெரியும், நம் பக்கம் தார் ரோடுதான் களம். உளுந்தஞ்செடியைப் பிடுங்கி வந்து பாதி ரோட்டுக்குப் பரப்பிவிடுவார்கள், போகிற வண்டியே அடித்துக் கொடுத்துவிடும். அதுவரைக்கும் சரி. அடித்த உளுந்தைக் குவித்துச் சுற்றிக் கல் வைத்திருப்பார்கள், அதை விட்டு ஒதுங்கிப் போக வேண்டும். அன்றைக்கு ‘கோயில்’ ஒன்றா இரண்டா என்று குனிந்து பார்த்தேன். அதற்குள் கல்லைத் தட்டி, குவியல் மேலேயே ஏற்றிவிட்டேன். குவியலுக்கு அந்தப் பக்கம் சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டு நின்ற சம்சாரி துள்ளி விலகினார்.

“ஏ பாய், கண்ணு எங்கன கெடக்கு? எம்மேல ஏத்துதீரே!” என்றார்.

“ரோட்டக் களமாக்கிட்டு என்னயக் கேக்குதீரா?” என்றேன். வாய் எனக்கு எப்போதும் நீளம். வண்டியில் இருந்த பெண்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லியிருந்தால் அன்றைக்கே அந்தப் பழக்கத்தை விட்டிருப்பேன்.

அந்த வருடம் கார்த்திகையில் நல்ல மழை. ராத்திரி பெய்து ஓய்ந்த காலை. டிராக்டர்கள் காட்டிலிருந்து இழுத்து வந்த கரிசல் சகதி ரோட்டில் திட்டுத் திட்டாகக் கிடந்தது. மெதுவாகத்தான் போனேன். வண்டிக்குள் இருபது பேர் இருப்பார்கள், பாதிப் பேர் தூக்கம். தொட்டி ஸ்டாப்புக்கு முன்னால் ஒரு வளைவு, இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் அடைத்து நிற்கும். வளைவில் திரும்பும்போது போன் அடித்து நின்றது. உடனே இன்னொரு தடவை அடித்து நின்றது.

இரண்டுமே தொட்டியா? இல்லை, ஒன்று தொட்டி, இன்னொன்று அதற்கடுத்த பாலமா? தொட்டி இரண்டு என்றால் நின்று ஏற்ற வேண்டும். பாலம் ஒன்று என்றால் அங்கே எல்லாரும் காத்து நிற்கிறார்கள், வேகமாகப் போக வேண்டும். குனிந்து பார்த்தேன். வெளிச்சம் பட்டுத் திரை சரியாகத் தெரியவில்லை, இன்னும் கொஞ்சம் குனிந்தேன். தொட்டி, இரண்டு. ஒருத்தி வருகிறாள் என்று அர்த்தம்.

இடது டயர் தாரை விட்டு மண்ணில் இறங்குவது கைக்குத் தெரிந்தது. நிமிர்ந்தேன். அவள் முதுகுதான் தெரிந்தது.

முத்துமாரி. எங்கள் வண்டியில் வந்து தீப்பெட்டியில் குச்சி அடைக்கிற பெண், முப்பது வயது இருக்கும். பாதி வழி வந்தவள், மறந்துவிட்ட தூக்குவாளியை எடுக்க வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறாள். அதனால் தாமதம். வரப்பு வழியாக ரோட்டுக்கு ஏறி, ஸ்டாப்பைப் பார்த்து இடது ஓரமாக, தாருக்குக் கீழே மண்ணில் ஓடிக்கொண்டிருந்தாள். அவள் வருகிறாள் என்று சொல்லத்தான் அந்தப் போன் அடித்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்ததால் நான் அவளைப் பார்க்கவில்லை.

பிரேக்கை மிதித்தேன், வண்டி சகதியில் இழுத்துக்கொண்டு போனது. அதற்கு மேல் அந்த நிமிடத்தை விவரிக்க எனக்குத் தெம்பு இல்லை. இறங்கி ஓடிப் பார்த்தபோது வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருந்தது. தூக்குவாளி திறந்து புளிச்சோறு ரோடெல்லாம் கிடந்தது. ஆம்புலன்ஸ் வரட்டும் என்றார்கள். அந்தச் சகதியில் அது எப்போது வருவது? ஒரு பெண் தாவணியைக் கிழித்துக் கொடுத்தாள், இறுக்கிக் கட்டி, முத்துமாரியை வண்டியிலேயே தூக்கிப் படுக்க வைத்துக்கொண்டு கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். அங்கிருந்து திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரி. உயிர் பிழைத்ததே பாய் உடனே கொண்டுவந்ததால்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். வண்டி அங்கிருந்து கிளம்பிவிட்டது, கூட்டம் மிதித்துவிட்டது, மறுபடி மழையும் பெய்துவிட்டது. என் டயர் மண்ணில் இறங்கிய தடம் யார் கண்ணுக்கும் படவில்லை.

ஸ்டேஷனில் ஏட்டையா கேட்டது ஒரே கேள்வி.

“போன் பேசுனீரா பாய்?”

“இல்லீங்கய்யா.”

போனை வாங்கிப் பார்த்தார். எடுத்த அழைப்பு ஒன்றுகூட இல்லை. எல்லாம் மிஸ்டு கால். தொட்டி ஸ்டாப்பில் போன் வைத்திருந்த பேச்சியம்மாளும் வந்திருந்தாள். அவள் அழுதுகொண்டே சாட்சி சொன்னாள். “எங்க பாய் வண்டி ஓட்டும்போது போனத் தொடவே மாட்டாவ அய்யா. நான் எத்தன தடவ அடிச்சாலும் எடுக்க மாட்டாவ. அவிய மேல தப்பே கெடையாது. இவதான் லேட்டாயிட்டுன்னு கண்ணு மண்ணு தெரியாம ஓடி வந்திருக்கா.”

வண்டியில் தூங்கிக்கொண்டு வந்தவர்களும் அதையே சொன்னார்கள். ஒருத்திகூடப் பொய் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் நினைத்தார்கள். பேசுனீரா என்று கேட்டார்கள், பேசவில்லை. பார்த்தீரா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததற்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்று அந்த நேரத்தில் புத்தி போயிற்று. வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற மகள் இருந்தாள், லைசென்ஸ் போனால் என்ன செய்வது என்று பயந்தேன். இதெல்லாம் சமாதானம் இல்லை, நடந்ததைச் சொல்கிறேன். ‘பெண் திடீரென்று ரோட்டுக்குள் ஓடி வந்ததால்’ என்று எழுதினார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

முத்துமாரியின் காலை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அந்தக் கோபம் என்மேல் என்று நினைத்தேன். இல்லை, அவள்மேல். “நாலு நிமிசம் முன்னாடி கெளம்பத் துப்பில்ல. தூக்குவாளிதான் பெருசாப் போச்சு இவளுக்கு” என்று என்னிடமே சொன்னார்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “என்னாலதான பாய் உங்களுக்குக் கேசு, கோர்ட்டுன்னு அலைச்சல்? மன்னிச்சிருங்க பாய்” என்றாள்.

யா அல்லாஹ், அந்தக் கையை எப்படி உதறிவிட்டு வந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. “உடம்பப் பாத்துக்க தாயி” என்று மட்டும் சொன்னேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே போனேன். நல்லவன் வேஷம் அவ்வளவு கனமாக இருக்கும் என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது.

அதற்கப்புறமாவது சொன்னேனா? இல்லை. நாலு மாதம் வாயைத் திறக்கவில்லை. வண்டியும் ஓட்டினேன். போனை மட்டும் அணைத்துவிடுவேன். கேட்டால் பேட்டரி சரியில்லை என்பேன்.

அப்புறம் ஒருநாள் கம்பெனி வாசலில் நின்றிருந்தேன். கழுகுமலை லைன் வண்டி கேட்டுக்குள் திரும்பியது. எதிரே பெண்கள் கூட்டமாக உள்ளே நடந்துகொண்டிருந்தார்கள். ஓட்டி வந்தவரின் முகம் தெரியவில்லை, உச்சி மட்டும்தான் தெரிந்தது. குனிந்திருக்கிறார்! நான் கத்தினேன். வண்டி நின்றது. கடைசியாக நடந்த பெண்ணுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு கை அகலம்தான் இருந்தது.

“என்னவே, எங்க பாக்கீரு?” என்று போய்க் கேட்டேன்.

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி, ஒரு பிள்ளைய விட்டுட்டு வந்துட்டேன் போல, மிஸ்டு கால் வந்துச்சு, எந்த ஸ்டாப்புன்னு பாத்தேன். உங்க ஐடியாதான!” என்று சிரித்தார்.

என்னால் அதற்குமேல் முடியவில்லை. நேரே மேனேஜர் அறைக்குப் போனேன். ஐந்து வண்டியிலும் இந்த மிஸ்டு கால் பழக்கத்தை இன்றோடு நிறுத்த வேண்டும் என்றேன்.

“எதுக்கு? நல்லாத்தான ஓடுது?”

“ஆபத்து சார்.”

“என்ன ஆபத்து? உம்ம கேசுக்கும் போனுக்கும் சம்பந்தமில்லன்னு போலீசே சொல்லியாச்சு. காரணத்தச் சொல்லும், நிறுத்துதேன்.”

காரணத்தைச் சொல்ல வேண்டும் என்றால் அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஐந்து வண்டியும் நாளைக் காலையில் கிளம்பும். சொல்லிவிட்டேன். குனிந்தது, டயர் இறங்கியது, அவள் ஓரத்தில் போனது எல்லாவற்றையும் சொன்னேன்.

மேனேஜர் எழுந்து கதவைச் சாத்தினார். “இத உம்ம மனசோட வச்சுக்கிடும். மிஸ்டு கால நிறுத்திருவோம், சரியா? நீரும் கெட்டு, கம்பெனி பேரையும் கெடுத்துராதேயும்” என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். என்னைக் காப்பாற்றியவர்கள் ரொம்பப் பேர், அந்தப் பெண்ணைப் பற்றித்தான் யாரும் யோசிக்கவில்லை.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். “எல்லாம் முடியப்போற நேரத்துல எதுக்குவே வம்பு?” என்று ஏட்டையாவே கேட்டார். எழுதிக் கொடுத்ததை அப்படியே கோர்ட்டிலும் சொன்னேன். தண்டனை கொடுத்தார்கள், லைசென்ஸைக் கொஞ்ச காலம் பிடித்து வைத்தார்கள். அதுவரை கம்பெனி குடோனில் பண்டல் தூக்கினேன். திரும்ப ஸ்டியரிங்கில் கையை வைக்கவே பயமாக இருந்தது. அந்தப் பயத்தோடுதான் ஓய்வு பெறும் வரை ஓட்டினேன். அந்தப் பயத்தை நல்லது என்றே நினைக்கிறேன்.

மேனேஜரிடம் இன்னொன்றும் கேட்டு வாங்கினேன். கடைசி வண்டி வந்த பிறகுதான் கேட்டை மூட வேண்டும் என்றேன். நம்மைக் குனிய வைத்தது போன் மட்டும் இல்லை, அந்தக் கேட்டும்தான். முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். அதற்கப்புறம் என் போன் தினமும் முதல் சீட்டில் உட்காருகிறவளின் மடியில்தான் இருக்கும். அவசரம் என்றால் அவள் பேசுவாள், நான் வண்டியை ஓட்டுவேன்.

இப்போது உங்களுக்கு மிஸ்டு கால் எல்லாம் பழங்கதை. வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறீர்கள், லொக்கேஷன் போடுகிறீர்கள், வாய்ஸ் மெசேஜ் கேட்கிறீர்கள். போன வாரம் உங்களில் ஒருவரிடம் கேட்டேன். “கையில எங்க பிடிக்கேன் பெரியவரே? ஸ்டாண்டுலதான மாட்டிருக்கேன்” என்றார். இன்னொருவர் காதில் வைப்பதில்லையாம், புளூடூத்தாம். எனக்குச் சுருக்கென்றது. நானும் இதைத்தானே சொன்னேன்! பேசவில்லை, எடுக்கவில்லை, தொடவில்லை. கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல இதெல்லாம் உதவும். ரோட்டில் போகிறவளுக்கு உதவாது. நீங்கள் புதிதாக என்ன கண்டுபிடித்திருந்தாலும் சரி, அதற்காக ஒரு நொடி ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கிறீர்களா, மனதை எடுக்கிறீர்களா என்று மட்டும் உங்களையே கேளுங்கள். எடுக்கிறீர்கள் என்றால் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். கேட் காத்துக்கொண்டு நிற்கட்டும்.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த அன்றைக்கே முத்துமாரி வீட்டுக்குப் போனேன். அவளிடம் சொல்லாமல் ஊருக்கெல்லாம் சொல்லி என்ன பிரயோசனம்? அவள் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது. வீட்டுக்காரர் கட்டிலில் இருந்தார். “வாங்க பாய்” என்று அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். உட்காரச் சொல்லிவிட்டு நின்றபடியே சொன்னேன். என்னைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். வீட்டுக்காரர் அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவோடுதான் போயிருந்தேன்.

அவள் கையிலிருந்த மிளகாயைக் கீழே வைத்தாள். பிறகு, “எனக்கு அன்னைக்கு நடந்தது ஒண்ணுமே ஞாபகம் இல்ல பாய்” என்றாள். “எல்லாரும் சொல்லிச் சொல்லி, நாந்தான் குறுக்க ஓடி விழுந்தேன்னு நானே நம்பிட்டேன். ராவெல்லாம் அத நெனச்சுத்தான் கெடப்பேன். ஏன் ஓடுனே, ஏன் ஓடுனேன்னு எனக்கு நானே கேட்டுக்கிட்டுக் கெடப்பேன்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் ஓரமாத்தான் வந்தேனா பாய்?”

“ஓரமாத்தான் வந்த தாயி. தாருக்குக் கீழ, மண்ணுலதான் வந்த. நாந்தான் பாக்கல.”

கட்டிலில் இருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். முத்துமாரி அவர் பக்கம் திரும்பாமலே என்னிடம் சொன்னாள். “இன்னொரு தடவ சொல்லுங்க பாய். இவிய காதுல நல்லா விழட்டும்.”

அவர் பக்கம் திரும்பி நின்று இன்னொரு தடவை சொன்னேன்.